தண்டனை கிடைச்சாச்சு, பணம் வரல: குற்றவாளி வீட்டு மேல லீன் பதிவு பண்ணினவங்க இருக்கீங்களா?

கயல்
ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்கிறதோட சரி, எழுதினது இல்ல. இப்ப எழுத வேண்டிய நிலைமை வந்திருக்கு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கணும்.

அப்பா மின்வாரியத்துல 34 வருஷம் வேலை பாத்தவர். அம்மா போன பிறகு தஞ்சாவூர் வீட்டை வித்துட்டு கலிஃபோர்னியாவுக்கு எங்ககூடவே வந்துட்டார். வீடு வித்த காசு, சேமிப்பு எல்லாம் சேர்த்து 1,46,000 டாலரை ஒருத்தர்கிட்ட முதலீடுன்னு குடுத்தார். கோயில், பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளின்னு எங்க போனாலும் பழகின மனுஷன். முதல் எட்டு மாசம் ஒழுங்கா பணம் வந்துச்சு. பின்னால சேர்ந்தவங்க காசைத்தான் முன்னால சேர்ந்தவங்களுக்குக் குடுத்திருக்கார்னு அப்புறம்தான் தெரிஞ்சது. மொத்தம் 31 குடும்பம்.

ஃபெடரல் கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டார். ஏழு வருஷ சிறை, கூடவே எங்க எல்லாருக்கும் இழப்பீடு தரணும்னு ரெஸ்டிட்யூஷன் உத்தரவு. பட்டியல்ல அப்பா பேரும் முழுத் தொகையும் இருக்கு. தீர்ப்பு வந்த அன்னிக்கு அப்பா ஒரு வருஷத்துக்கு அப்புறம் நிம்மதியா தூங்கினார். அது நடந்து 18 மாசம் ஆச்சு. இதுவரைக்கும் கோர்ட்ல இருந்து வந்த காசோலை எல்லாம் கூட்டினா 212 டாலர்.

ஏமாத்தினவர் பேர்ல வீடு அப்படியே இருக்கு. தினமும் வேலைக்குப் போறப்ப அந்தத் தெரு வழியாதான் போறேன். பாதிக்கப்பட்டவங்களே அந்த வீட்டு மேல லீன் பதிவு பண்ணலாம்னு ஒருத்தர் சொன்னார். நம்ம ஊர்ல சொத்து மேல வில்லங்கம் இருக்குன்னு சொல்வாங்களே, அந்த மாதிரின்னு விளக்கினார். நிஜமாவே நாங்களா பண்ணலாமா? வக்கீல் வைக்கணுமா? அரசாங்கம் ஏற்கெனவே பண்ணியிருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய குமாஸ்தா
ஞாயிறு, இரவு 11:48

கயல் அம்மா, பண்ணலாம். நான் வக்கீல் இல்ல. கடன் வசூல் வழக்குகள் பாக்குற சட்ட அலுவலகத்துல 22 வருஷம் காகித வேலை பாத்தவன். பதிவு பண்ணி வந்த அப்ஸ்ட்ராக்ட் (தீர்ப்புச் சுருக்கம்) நூத்துக்கணக்கில என் கைவழியா போயிருக்கு. அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும். இதுல ரெண்டு லீன் இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுதான் எல்லாரும் குழம்புறாங்க.

முதலாவது அரசாங்கத்தோடது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 18ஆம் தலைப்பு, 3613ஆம் பிரிவு. தீர்ப்பு பதிவான நிமிஷத்துலயே குற்றவாளியோட எல்லாச் சொத்து மேலயும் தானா ஒரு லீன் வந்துடும். வரி பாக்கி வச்சா வரித்துறை, அதாவது ஐ.ஆர்.எஸ்., எப்படிப் பிடிக்குமோ அதே பலம் இதுக்கும் உண்டு. தீர்ப்பு தேதியில இருந்து 20 வருஷம், இல்லன்னா சிறையில இருந்து வெளிய வந்த தேதியில இருந்து 20 வருஷம், எது பிந்தி வருதோ அதுவரைக்கும் கட்டவேண்டிய பொறுப்பு அவர் தலையில இருக்கும். ஆனா வீட்டை வாங்க வர்றவரையும் அடமானம் பிடிக்கிற வங்கியையும் அது கட்டுப்படுத்தணும்னா, லீன் அறிவிப்பை வீடு இருக்கிற கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பதிவு பண்ணியிருக்கணும். அதைச் செய்ய வேண்டியது யு.எஸ். அட்டர்னி (ஃபெடரல் அரசு வழக்கறிஞர்) அலுவலகத்துல கடன் வசூல் பாக்குற பிரிவு. பெரும்பாலும் செஞ்சிருப்பாங்க. செஞ்சிருப்பாங்கன்னு நம்பி உக்காந்திருக்காதீங்க. கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ்ல, அதாவது சொத்துப் பதிவு அலுவலகத்துல, குற்றவாளி பேரைப் போட்டுத் தேடினா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இரண்டாவதுதான் உங்களோடது. அதே 18ஆம் தலைப்பு, 3664ஆம் பிரிவு, எம் உட்பிரிவு, 1 பி. உத்தரவுல பேர் இருக்கிற பாதிக்கப்பட்டவர் கேட்டா, கோர்ட் கிளார்க் ஒரு அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட், அதாவது தீர்ப்புச் சுருக்கம், கட்டாயம் கொடுக்கணும். கொடுக்கலாம்னு சட்டத்துல இல்ல, கொடுக்கணும்னுதான் இருக்கு. அதை மாநில விதிப்படி பதிவு பண்ணிட்டா, மாநில சிவில் கோர்ட்ல நீங்க வழக்குப் போட்டு ஜெயிச்சிருந்தா என்ன லீன் கிடைச்சிருக்குமோ அதே லீன் உங்க பேர்ல வந்துடும். தனியா சிவில் வழக்கு, அதுக்கு வக்கீல் ஃபீஸ், எதுவும் தேவையில்ல.

கலிஃபோர்னியாவுல இதைக் கவுண்டி கவுண்டியா பதிவு பண்ணணும். அவருக்கு எந்தெந்தக் கவுண்டியில சொத்து இருக்கோ அங்க எல்லாம். ஒரு கவுண்டியில பதிஞ்சா பக்கத்துக் கவுண்டி சொத்தைத் தொடாது.

இன்னொண்ணையும் முதல்லயே சொல்லிடறேன், பின்னால ஏமாற்றம் வேண்டாம். லீன் பதிஞ்ச மறுநாள் பணம் வராது, மறு வருஷமும் வராம போகலாம். அவங்க வீட்டை விக்கவோ ரீஃபைனான்ஸ் பண்ணவோ போற அன்னிக்கு சொத்துல வில்லங்கம் இருக்கான்னு பாக்குற டைட்டில் கம்பெனி பத்திரத்தைத் தேடும், அப்ப உங்க காகிதம் அங்க நிக்கும். அதுக்கு வழி பண்ணாம எஸ்க்ரோ, அதாவது நடுவுல ஒருத்தர் பணத்தை வச்சு விற்பனையை முடிச்சுக் குடுக்கிற வேலை, முடியாது. அதுவரைக்கும் காத்திருக்கிறதுதான் அதோட வேலை.


டாலஸ் சிவா
திங்கள், காலை 6:30

குமாஸ்தா சார் சொன்னது ஃபெடரல் வழக்குக்கு. மாநில கோர்ட் வழக்கா இருந்தா ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வழி. டெக்சஸ்ல குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 42.22ன்னு ஒரு பிரிவே ரெஸ்டிட்யூஷன் லீனுக்குன்னு இருக்கு. அஃபிடவிட் ஒண்ணு தாக்கல் பண்ணணும். நிலம், வீடுன்னா கவுண்டி கிளார்க்கிட்ட. காருக்குக் கூட போடலாம், டைட்டில்லயே ஏறிடும். 10 வருஷம் நிக்கும், முடியறதுக்கு முன்னாடி திரும்பத் தாக்கல் பண்ணா இன்னொரு 10 வருஷம். ஆனா எங்க மாநிலத்துல குடியிருக்கிற வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு, அதாவது கடன்காரங்க அதைப் பிடிக்காம காக்குற சட்டம், ரொம்பக் கெட்டி. அதனால இங்க கார், வாடகை வீடு, காலி நிலம் இதையெல்லாம்தான் முதல்ல பாக்கணும்.


கயல்
திங்கள், இரவு 9:05

குமாஸ்தா அண்ணா, ரொம்ப நன்றி. இன்னிக்கு மதியம் கிளார்க் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். எடுத்தவங்க "வசூல் எல்லாம் அரசாங்கம் பாத்துக்கும், நீங்க எதுவும் செய்ய முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. நான் அந்தப் பிரிவைச் சொன்னேன், அப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லைன்னாங்க. போனை வச்சதும் அழுகை வந்துடுச்சு. ஒவ்வொரு கதவா தட்டி "இது எங்க வேலை இல்ல"ன்னு கேட்டே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

கவுண்டியில தேடினேன். அவர் பேர்ல வீடு, ஒரு வங்கிக் கடன், அவ்வளவுதான் வந்தது. அரசாங்க லீன் எதுவும் கண்ணுல படல.


பழைய குமாஸ்தா
திங்கள், இரவு 10:40

அம்மா, போன் எடுத்தவங்க மேல வருத்தப்படாதீங்க. பாதிக்கப்பட்டவங்க நேரடியா அப்ஸ்ட்ராக்ட் கேக்குறது அபூர்வம், அவங்க மேசைக்கு வருஷத்துல ஒண்ணு வந்தா அதிகம். அதனாலதான் போன்ல கேக்கக் கூடாது, எழுத்துல கேக்கணும். எழுத்துல வந்த கோரிக்கையை யாராவது ஒருத்தர் சட்டப் புத்தகத்தைத் திறந்து பாத்துத்தான் ஆகணும்.

கடிதம் ஒரே பக்கம் போதும். மேல வழக்கு எண், குற்றவாளி பேர், தீர்ப்பு தேதி. கீழ ரெண்டே விஷயம்: இந்த வழக்குல ரெஸ்டிட்யூஷன் உத்தரவுல பேர் உள்ள பாதிக்கப்பட்டவர் நான், தொகை இவ்வளவு, 18ஆம் தலைப்பு 3664 எம் 1 பி-யின்படி என் பேர்ல அப்ஸ்ட்ராக்ட் ஆஃப் ஜட்ஜ்மென்ட் தரக் கோருகிறேன். அப்பா கையெழுத்துப் போடணும், ஏன்னா உத்தரவுல இருக்கிறது அவர் பேர். அடையாள அட்டை நகல் வையுங்க. ஒரு நகலை யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துல உங்க வழக்கோட விக்டிம் கோஆர்டினேட்டருக்கும் (பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவுறவங்க) அனுப்புங்க. அதே கடிதத்துல, அரசாங்க லீன் அறிவிப்பு இந்தக் கவுண்டியில பதிவாகியிருக்கான்னும் கேளுங்க. அந்தக் கேள்வியைப் பாத்ததும் அவங்களே பதிஞ்சதையும் நான் பாத்திருக்கேன்.

அடுத்தது பேர். இதுலதான் நம்ம ஆளுங்க வழக்குல பாதி கோட்டை விடறது. ரெக்கார்டர் ஆபீஸ் அட்டவணை முழுக்க கடைசிப் பேரை வச்சு ஓடுது. நம்ம ஊர்க்காரருக்குக் கடைசிப் பேர் எதுன்னு அவருக்கே ஒவ்வொரு படிவத்துல ஒவ்வொரு மாதிரி. பாஸ்போர்ட்ல அப்பா பேர் கடைசிப் பேரா இருக்கும். வீட்டுப் பத்திரத்துல தன் பேரே கடைசிப் பேரா இருக்கும். கிரீன் கார்டுல இன்ஷியல் மட்டும் நிக்கும். குற்றப்பத்திரிகையில வேற எழுத்துக்கூட்டல். வீடு ஒரு பேர்ல, உங்க லீன் இன்னொரு பேர்ல இருந்தா டைட்டில் கம்பெனி தேடல்ல அது வராமலே போயிடும். அதனால அவர் வீட்டுப் பத்திரத்தோட நகலை முதல்ல வாங்குங்க. அதுல இருக்கிற பேரை அப்படியே, "என்றும் அழைக்கப்படுகிறவர்"னு அப்ஸ்ட்ராக்ட்ல சேர்க்கச் சொல்லிக் கேளுங்க. நீங்க தேடினப்ப அரசாங்க லீன் வரலைன்னு சொன்னீங்களே, எல்லா எழுத்துக்கூட்டல்லயும் தேடினீங்களா? இன்னொரு தடவை பாருங்க.


ராஜி அக்கா
செவ்வாய், காலை 7:15

கயல், உன் பதிவைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. என் கதையைச் சொல்றேன், உனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

எனக்குச் சின்னதா கேட்டரிங் தொழில். கணக்கு பாத்த பொண்ணு நாலு வருஷத்துல 38,400 டாலர் எடுத்துட்டா. என் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கிட்டு வர்ற அளவுக்குப் பழக்கம். வழக்கு கலிஃபோர்னியா மாநில கோர்ட்ல, 2015ல முடிஞ்சது. அங்க இதுக்குத் தனிப் படிவங்களே இருக்கு. இழப்பீட்டு உத்தரவுக்கு சி.ஆர். 110, அப்ஸ்ட்ராக்டுக்கு சி.ஆர். 111. மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்துல இருந்த விக்டிம் அட்வகேட் அம்மா ரெண்டையும் எடுத்துக் கையில குடுத்தாங்க. நான் அவங்களையே கேட்டேன்: "அவளுக்கு ஒண்ணுமே இல்லையே, வாடகை வீட்டுல இருக்கா, இதை எங்க போய் பதியறது?"

அவங்க சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. "அவ இருக்கிற கவுண்டியில பதி. அவ அம்மா அப்பா இருக்கிற கவுண்டியிலயும் பதி."

ஏன்னா இந்த லீன் இன்னிக்கு இருக்கிற சொத்தோட நிக்காது. அந்தக் கவுண்டியில நாளைக்கு அவங்க பேர்ல வர்ற சொத்தையும் பிடிச்சுக்கும். ரெண்டு இடத்துலயும் பதிஞ்சேன். பதிஞ்சுட்டு மறந்தே போயிட்டேன். ப்ரொபேஷன்ல, அதாவது அவ கோர்ட் கண்காணிப்புல இருந்தப்ப, மாசம் 50 டாலர் வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

2021ல ஒரு நாள் முன்பின் தெரியாத ஒரு எஸ்க்ரோ ஆபீஸர் போன் பண்றாங்க. அந்தப் பொண்ணோட அம்மா தவறிட்டாங்க, வீடு இவ பேருக்கு வந்து, விக்கப் போறா. "உங்க லீன் இருக்கு, இன்னிக்குத் தேதிக்கு எவ்வளவு வரணும்னு எழுதிக் குடுங்க"ன்னாங்க. கலிஃபோர்னியா உத்தரவுக்கு வருஷம் 10 சதவீத வட்டி உண்டு. ஆறு வருஷத்துக்கு வட்டி மட்டும் 23,000 டாலர் கிட்ட. அவ கட்டினதைக் கழிச்சுட்டு மீதி மொத்தமும் ஒரே காசோலையா வந்தது. நான் காரை ஓரம்கட்டிட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

பணம் வந்ததும் கடன் தீர்ந்ததுன்னு கையெழுத்துப் போட்டு லீனை எடுத்துக் குடுக்கணும். அதை உடனே செஞ்சேன். செய்யாம இழுத்தா நம்ம மேல தப்பு வந்துடும்.


வடமராட்சியான்
செவ்வாய், மதியம் 1:22

எல்லாருக்கும் வணக்கம். நான் மிச்சிகனில இருக்கிறன். என்ர அண்ணையும் இப்பிடித்தான் ஏமாந்தவர், அதுவும் ஃபெடரல் வழக்குத்தான். ஆனா அந்த ஆளின்ர வீடு அவரும் மனிசியும் சேர்ந்து ரெண்டு பேரின்ர பேரிலையும் இருக்குது. கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் முழுசா சொந்தம் எண்டு ஒரு முறையாம். ஒருத்தரின்ர கடனுக்கு அதைத் தொடேலாது எண்டு இஞ்ச ஒரு வக்கீல் சொல்லிப்போட்டார். அப்ப அண்ணைக்கு ஒண்டும் கிடையாதோ?


பழைய குமாஸ்தா
செவ்வாய், இரவு 8:30

ஐயா, உங்க வக்கீல் சொன்னது பாதி சரி. அந்த உடைமை முறைக்குப் பேர் டெனன்சி பை தி என்டைரெட்டி. மிச்சிகன்ல உண்டு, மேரிலாந்து, ஃப்ளோரிடான்னு வேற மாநிலங்கள்லயும் உண்டு. கலிஃபோர்னியாவுல கிடையாது. கணவர் ஒருத்தர் மேல மட்டும் இருக்கிற தீர்ப்பை வச்சு அந்த வீட்டைப் பிடிக்க மாநிலச் சட்டம் விடாது. அண்ணன் தன் பேர்ல அப்ஸ்ட்ராக்ட் பதிஞ்சாலும் அது மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, அதனால அந்தச் சுவருல முட்டிக்கிட்டு நின்னுடும்.

ஆனா அரசாங்கத்தோட லீன் அப்படி நிக்காது. 2002ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராஃப்ட் வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. அதுவும் உங்க மிச்சிகன் வீடுதான். கணவர் ஒருத்தரோட வரி பாக்கிக்காக அப்படிச் சேர்ந்து வச்சிருக்கிற வீட்டுல அவரோட பங்கு மேல ஃபெடரல் வரி லீன் ஏறும்னு சொன்னாங்க. ரெஸ்டிட்யூஷனுக்கான அரசாங்க லீன் வரி லீன் மாதிரியேன்னு 3613 சொல்லுதில்லையா, அதனால அந்தக் கதவு அரசாங்கத்துக்குத் திறக்கும். மனைவியோட பங்கு மனைவிக்குத்தான், அதுல யாரும் கை வைக்க முடியாது.

அதனால உங்க விஷயத்துல அண்ணன் தன் லீனுக்காக அலையறதை விட, யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்கு எழுதி அரசாங்க லீனைப் பதிய வைக்கிறதுதான் முக்கியம். வேற மாநிலத்துல சொத்து இருந்தாலும் இதேதான். பாதிக்கப்பட்டவங்க அப்ஸ்ட்ராக்ட் அந்தக் கோர்ட் இருக்கிற மாநிலத்துச் சொத்துக்குத்தான்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அரசாங்க லீனுக்கு அந்த எல்லை கிடையாது.


வடமராட்சியான்
செவ்வாய், இரவு 9:10

பெரிய உதவி ஐயா. மூண்டு வருசமா ஒருத்தரும் இதை எங்களுக்கு விளங்கப்படுத்தேல்லை. நாளைக்கே எழுதுறன்.


தென்றல்
புதன், காலை 10:03

எல்லாம் படிச்சேன். எனக்கு ஒரு விஷயம் உறுத்துது, நேரா கேட்டுடறேன். கயல், 31 குடும்பம்னு சொல்றீங்க. நீங்க மட்டும் முந்திக்கிட்டுப் பதிஞ்சா, வீடு விக்கிற அன்னிக்கு உங்க அப்பாவுக்கு முழுசா வந்துட்டு மத்த 30 பேருக்கு மிச்சம் மீதிதானே? விவரம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பணம், மத்தவங்களுக்கு இல்லைன்னா அது என்ன நியாயம்? இன்னொண்ணு, அந்த வீட்டுல அவர் மனைவியும் பிள்ளைங்களும் இருப்பாங்களே. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?


ராஜி அக்கா
புதன், காலை 11:20

தென்றல், கேள்வி நியாயமானதுதான். ஆனா தன் வாழ்நாள் சேமிப்பை இழந்த 70 வயசு மனுஷன் சட்டம் குடுத்த உரிமையைக் கேக்குறதை "முந்திக்கிறது"ன்னு சொல்றது எனக்கு வலிக்குது.


பழைய குமாஸ்தா
புதன், இரவு 9:55

ரெண்டு பேரும் சொல்றதுல விஷயம் இருக்கு. சட்டம் எப்படி ஓடுதுன்னு சொல்லிடறேன்.

கயல் அம்மா பதியறது அவங்க அப்பா தொகைக்கு மட்டும். மத்தவங்க பங்கு அதுல வராது. ஆனா மாநில லீனுக்கு முதல்ல பதிஞ்சவங்களுக்கு முதல் இடம்ங்கிறது உண்மை. வீட்டுக் கடன் குடுத்த வங்கி எல்லாருக்கும் முன்னால நிக்கும், சொத்து வரி அதுக்கும் முன்னால. அரசாங்க லீன் முந்திப் பதிவாகியிருந்தா அது உங்களுக்கு முன்னால. அது மூலமா வர்ற பணம் கோர்ட் கிளார்க் கைக்குப் போய், உத்தரவுல சொன்ன விகிதத்துல 31 பேருக்கும் பிரியும். அதனால அரசாங்க லீன் பதிவாகிறது எல்லாருக்கும் நல்லது. கயல் எழுதப்போற கடிதத்துல அந்தக் கேள்வி இருக்கிறதால, அந்த ஒரு கடிதமே மத்த 30 பேருக்கும் செய்யற உதவிதான்.

எந்த வழியா பணம் வந்தாலும் கோர்ட்டுக்குத் தெரிவிக்கணும். கணக்குல அது கழியும். ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு தடவை வாங்க சட்டம் விடாது.

மனைவி, பிள்ளைங்க விஷயம். லீன்னா யாரையும் வீட்டை விட்டு வெளியேத்துற காகிதம்னு நினைக்காதீங்க. கட்டாயமா ஏலம் விடறது வேற நடவடிக்கை. கலிஃபோர்னியாவுல அதுக்குக் குறுக்கே ஹோம்ஸ்டெட் விலக்கு நிக்குது. 2021ல இருந்து அது கவுண்டியைப் பொறுத்து 3 லட்சத்துல இருந்து 6 லட்சம் டாலர் வரைக்கும்னு வச்சாங்க, அப்புறம் விலைவாசியோட வருஷா வருஷம் ஏறுது. அவங்களா விக்கிற வரைக்கும் பிள்ளைங்க அதே வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போகலாம். விக்கிற அன்னிக்குத்தான் இந்தக் காகிதம் பேசும்.


கயல்
புதன், இரவு 11:31

தென்றல், உங்க கேள்விக்குப் பதில் சொல்லணும்னு சாயங்காலத்துல இருந்து எழுதி எழுதி அழிச்சிட்டு இருக்கேன்.

அந்தப் பிள்ளைங்களை எனக்குத் தெரியும். மூத்தவ என் பொண்ணோட ஒரே வகுப்பு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுல ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினாங்க. அவர் கைதானதும் அவங்க பள்ளிக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. அந்த வீட்டைத் தாண்டிப் போறப்ப எனக்குக் கோபமும் வருது, அந்தக் குழந்தை ஞாபகமும் வருது. யாரும் தெருவுக்கு வரணும்னு நான் நினைக்கல. அப்பாவும் நினைக்கல. குமாஸ்தா அண்ணா சொன்னதைப் படிச்சுக் காட்டினேன். "அவங்க இருக்கட்டும்மா, அவங்களா விக்கிறப்ப நம்மளை மறக்காம இருந்தா போதும்"னார்.

மத்த 30 குடும்பம் பத்தி நீங்க சொன்னது சரி. எனக்கு அதுல 19 பேரோட நம்பர் இருக்கு. சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். எல்லாரும் சேர்ந்து ஒரே நாள்ல கடிதம் எழுதப்போறோம். யாரும் யாரையும் முந்த வேண்டாம்.


தென்றல்
வியாழன், காலை 6:48

மனசார வாழ்த்துறேன் கயல். நான் கொஞ்சம் கடுமையா கேட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.


மதுரை மல்லி
வியாழன், காலை 8:15

நான் இப்ப மதுரையில இருக்கேன். 2016 வரைக்கும் நியூ ஜெர்சியில இருந்தோம், இதே மாதிரி வேற ஒரு வழக்குல நாங்களும் பாதிக்கப்பட்டவங்க பட்டியல்ல இருந்தோம். ஊர் திரும்பினப்ப கோர்ட்டுக்கு விலாசம் மாத்திச் சொல்லல, தோணவே இல்ல. நாலு வருஷம் வந்த காசோலை எல்லாம் பழைய அபார்ட்மென்டுக்குப் போய்த் திரும்பிருக்கு. ஆள் கிடைக்கலைன்னா பணம் கோர்ட்லயே கிடக்கும், அஞ்சு வருஷம் யாரும் கேக்கலைன்னா அரசுக் கருவூலத்துக்குப் போயிடும். அதுக்கப்புறமும் மனு போட்டு வாங்கலாம், ஆனா பெரிய அலைச்சல். கயல், சனிக்கிழமை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க: வீடு மாறினா, நாடு மாறினா, கிளார்க் அலுவலகம், யு.எஸ். அட்டர்னி அலுவலகம் ரெண்டுக்கும் தனித்தனியா எழுதணும். ஒண்ணுக்குச் சொன்னா இன்னொண்ணுக்குத் தெரியும்னு நினைக்கக் கூடாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "உங்க இழப்பீட்டுப் பணம் தயாரா இருக்கு, 400 டாலர் கட்டணம் கட்டினா விடுவிப்போம்"னு எங்களுக்கு ஒரு போன் வந்துச்சு. ஒரு தடவை ஏமாந்தவங்க பட்டியலைத் தேடிப் பிடிச்சு மறுபடி ஏமாத்துறவங்க இருக்காங்க. இழப்பீட்டைக் குடுக்க கோர்ட் யார்கிட்டயும் காசு கேக்காது.


டாலஸ் சிவா
வியாழன், மதியம் 12:40

சார், ரெண்டு சந்தேகம். ஆள் திவால் போட்டுட்டா? செத்துப் போயிட்டா?


பழைய குமாஸ்தா
வியாழன், இரவு 10:10

சிவா, திவால் போட்டாலும் கிரிமினல் ரெஸ்டிட்யூஷன் அழியாது. திவால் சட்டம் 523லயும் இருக்கு, 3613லயும் எழுதியிருக்கு. ஆனா திவால் மனு போட்ட தேதியில இருந்து தனிநபர் வசூலுக்குத் தடை விழும். அந்த நேரத்துல தெரியாம புதுசா லீன் பதிஞ்சா உங்களுக்கே சிக்கல். திவால் நோட்டீஸ் வந்தா எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு வக்கீலைப் பாருங்க. அந்த ஒரு இடத்துல வக்கீல் ஃபீஸ் வீண் போகாது.

இறந்துட்டா, பாக்கி அவர் விட்டுட்டுப் போற சொத்து மேல நிக்கும். ஆனா அப்பீல் நிலுவையில இருக்கிறப்ப இறந்தா கதை வேற. மோசடி வழக்குல சிக்கின என்ரான் கம்பெனித் தலைவர் கென்னத் லே 2006 ஜூலையில, தண்டனை அறிவிக்கிறதுக்கு முன்னாலயே இறந்தார். அந்த அக்டோபர்ல அவர் மேல இருந்த குற்றத் தீர்ப்பையே கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. தீர்ப்பு இல்லைன்னா ரெஸ்டிட்யூஷனும் இல்ல.

சொத்தை மனைவி பேர்லயோ மச்சான் பேர்லயோ மாத்தினா, கடன்காரங்களை ஏய்க்கச் செஞ்ச மாற்றம்னு கோர்ட்ல ரத்து பண்ண வழி உண்டு. கலிஃபோர்னியாவுல பொதுவா நாலு வருஷத்துக்குள்ள கேக்கணும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரெக்கார்டர் தேடலைப் பாத்துக்கிட்டே இருங்க. சிறையில இருக்கிறப்ப அவருக்குப் பரம்பரைச் சொத்தோ பெரிய தொகையோ வந்தா அதையும் ரெஸ்டிட்யூஷனுக்குக் கட்டணும்னு 3664ல இருக்கு. அது உங்க காதுக்கு வந்தா யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்குச் சொல்லுங்க. ஊர்க்காரங்களுக்குத் தெரியற சேதி அவங்களுக்குத் தெரியாது.

கயல் அம்மா, சனிக்கிழமை கூட்டத்துல இதையும் மறைக்காம சொல்லுங்க. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018ல ஒரு அறிக்கை குடுத்துச்சு. 2016 நிதியாண்டு முடிவுல வராம நின்ன ஃபெடரல் ரெஸ்டிட்யூஷன் 110 பில்லியன் டாலர். அதுல 100 பில்லியன் வசூலாகவே வாய்ப்பில்லைன்னு அரசு வழக்கறிஞர்களே கணிச்சிருந்தாங்க, கட்டவேண்டியவங்ககிட்ட ஒண்ணுமில்லைங்கிறதால. நீங்க அந்த மீதி 10ல வர்ற வாய்ப்பு உள்ளவங்க. ஏன்னா உங்க ஆளுக்கு வீடு இருக்கு.


கயல்
ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, இரவு 8:20

எல்லாருக்கும் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்.

சனிக்கிழமை 14 குடும்பம் வந்தாங்க. சாப்பாட்டு மேசையில லேப்டாப் வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா கடிதம் எழுதினோம். சிலர் தீர்ப்புக்கு அப்புறம் அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஏமாந்தது தெரிஞ்சா அவமானம்னு பேசாமலே இருந்திருக்காங்க. வராதவங்களுக்குக் கடிதத்தை அனுப்பி வச்சோம். இதுவரைக்கும் மொத்தம் 26 பேர் அனுப்பியாச்சு.

கிளார்க் அலுவலகத்துல இருந்து மூணாவது வாரம் பதில் வந்தது. வேற ஒருத்தர் பேசினாங்க, பொறுமையா கேட்டாங்க, அப்ஸ்ட்ராக்ட் குடுத்தாங்க. குமாஸ்தா அண்ணா சொன்ன மாதிரி பத்திரத்து நகல் எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சது, வீடு வாங்கினப்ப அவர் தன் பேரையும் அப்பா பேரையும் இடம் மாத்திப் போட்டிருக்கார். அந்த ரெண்டு விதமான பேரும் இப்ப அப்ஸ்ட்ராக்ட்ல இருக்கு. விக்டிம் கோஆர்டினேட்டரும் எழுதியிருந்தாங்க, அரசாங்க லீன் அறிவிப்பும் போன வாரம் பதிவாயிடுச்சாம், ரெண்டு பேர்லயும்.

ரெக்கார்டர் ஆபீஸுக்கு அப்பாவையே கூட்டிட்டுப் போனேன். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு முத்திரை குத்தி ஆவண எண்ணைக் காட்டினா. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்த எண்ணை ரெண்டு தடவை படிச்சார். தஞ்சாவூர் வீட்டுப் பத்திரம் வச்சிருந்த அதே பழைய பச்சை ஃபைல்ல அதை வச்சுக் கட்டிட்டார்.

குமாஸ்தா அண்ணா, ஒரே ஒரு கேள்வி பாக்கி. கலிஃபோர்னியாவுலயும் இந்த லீன் 10 வருஷம்தான் நிக்கும்னாங்க, அந்த 10 வருஷம் தீர்ப்பு தேதியில இருந்தா, பதிவு தேதியில இருந்தா?


பழைய குமாஸ்தா
வெள்ளி, இரவு 8:52

கலிஃபோர்னியா விதிப்படி தீர்ப்பு பதிவான தேதியில இருந்து. ஒன்பதாவது வருஷமே காலண்டர்ல குறிச்சு வைங்க, புதுப்பிக்கிறதைப் பத்தி அப்ப ஒரு வக்கீல்கிட்ட காகிதத்தைக் காட்டிக் கேளுங்க. அப்பாவுக்கு என் வணக்கம்.